சூலு நாட்டில்: போர்க்களங்கள் வழியாகக் காண்டாமிருகக் காட்டுக்கு

வியாழன் – ஸ்பியோன் கோப்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிற டர்பனை விட்டுக் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஜோகன்னஸ்பர்க் போகிற என்-3 நெடுஞ்சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள், ஜூலை மாதக் குளிர், இருபக்கமும் காய்ந்து பழுப்பேறிய புல்வெளி. வண்டி ஓட்டுவது என் மைத்துனன். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான், ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறான், அவனுக்கு வேண்டியது சிங்கமும் காண்டாமிருகமும்தான். பொதுவாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் டர்பனில் இறங்கி நேராக வடக்கே ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசி காட்டுக்குப் போய்விடுவார்கள். நான்தான் பிடிவாதமாக மேற்கே ஒரு பெரிய சுற்று போட்டு, போர் நடந்த இடங்களை எல்லாம் பார்த்துவிட்டு உலுண்டி வழியாகக் காட்டுக்குள் நுழையலாம் என்றேன். அந்தக் காடு, சூலு அரசை உருவாக்கிய ஷாகாவின் காலத்தில் அரசரின் வேட்டைக்காடாக இருந்தது, படை பழகிய இடமும் அதுதான், அதனால் வரலாற்றைப் பார்த்துவிட்டுப் போனால் காடு வேறு மாதிரி தெரியும் என்பது என் கணக்கு. "சரி மாமா, ஆனா சிங்கம் எப்ப?" என்று நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே வந்தான்.

ஸ்பியோன் கோப் சூலுப் போர்க்களம் இல்லை. ஆங்கிலேயருக்கும், டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த சண்டை, 1900 ஜனவரி 24. லேடிஸ்மித் ஊரைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள், அதை உடைக்க ஆங்கிலேயர்கள் முந்தின இரவு மூடுபனியில் இந்தக் குன்றின் மேல் ஏறினார்கள். உச்சி என்று நினைத்த இடத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். ஒன்றரை அடிக்கு மேல் தோண்ட முடியவில்லை, கீழே பாறை. நானும் பாதையோரம் ஷூ நுனியால் கிளறிப் பார்த்தேன், இரண்டு விரல்கடை மண், அப்புறம் கல்தான். காலையில் பனி விலகியபோதுதான் தாங்கள் இருப்பது சரியான விளிம்பே இல்லை, மூன்று பக்கமும் போயர் துப்பாக்கிகள் என்று தெரிந்தது. வெட்டிய பள்ளத்திலேயே செத்தவர்களை அடுக்கி மூடிவிட்டார்கள். வெள்ளையடித்த கற்களால் கரை கட்டிய அந்த நீளமான கோடுதான் இன்றைக்கும் கல்லறை, அது வளைந்து போகிற விதத்தைப் பார்த்தாலே அன்றைய போர்முனை எப்படி இருந்தது என்று புரிந்துவிடும்.

நான் இங்கே வந்த காரணம் வேறு. டர்பனை உள்ளடக்கிய அன்றைய ஆங்கிலேயக் காலனியான நட்டாலில் காந்தி இருந்தபோது அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படை இந்தக் குன்றடியில்தான் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது. சுமார் 1,100 பேர். அதில் முந்நூறு பேர் ஒப்பந்தம் முடிந்தவர்களும் வியாபாரிகளும் படித்தவர்களும், மிச்சம் எண்ணூறு பேர் அப்போதும் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் முதல் கூட்டம் டர்பனில் வந்து இறங்கியதிலிருந்து 1911 வரை நட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர், அவர்களில் பெரும்பங்கு தமிழரும் தெலுங்கரும். ஆக, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையில் தஞ்சாவூரோ வட ஆற்காடோ பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உச்சியில் பெயர் பொறித்த கற்கள் பல இருக்கின்றன, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் பெயர் எதிலும் என் கண்ணில் படவில்லை. பின்னால் தென்னாப்பிரிக்காவின் முதல் பிரதமரான லூயிஸ் போத்தா போயர் பக்கம், சர்ச்சில் ஆங்கிலேயர் பக்கம், காந்தி அடிவாரத்தில் – மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே குன்றில். இதை எல்லாப் பயண வழிகாட்டிகளும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

வெள்ளி – ன்கோமே

டண்டி ஊரில் தங்கல். விருந்தினர் இல்லத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு தூங்கி எழுந்து கிளம்பினால் வழியில் ஒரு குழியில் டயர் போனது. ஜாக்கி போட்டு மாற்றி முடிப்பதற்குள் மூன்று வண்டிகள் நின்று உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயின.

ன்கோமே ஆற்றுக்கு போயர்கள் வைத்த பெயர் இரத்த ஆறு. 1838 பிப்ரவரியில் சூலு அரசர் டிங்கான், நிலம் கேட்டு வந்த போயர் தலைவர் பீட் ரெட்டீஃபையும் அவர் ஆட்களையும் தன் தலைநகரில் கொன்றார். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று இங்கே மாட்டுவண்டிகளை வளையமாகச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உள்ளே நின்ற சுமார் 470 போயர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூலு வீரர்களைத் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் எதிர்த்தார்கள். சூலு பக்கம் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். போயர் பக்கம் சாவே இல்லை, மூன்று பேருக்குக் காயம்.

ஆற்றின் மேற்குக் கரையில் 64 வண்டிகளை அசல் அளவில் வெண்கலத்தில் வார்த்து வளையமாக நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் நின்றால் காற்று சக்கரங்களுக்கு இடையே ஊளையிடுகிறது. கிழக்குக் கரையில் சூலு தரப்பு அருங்காட்சியகம், எருதின் கொம்பு போல வளைந்த கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாலம். இந்தப் பக்கம் கடவுள் காப்பாற்றினார் என்ற கதை, அந்தப் பக்கம் நிலத்தைப் பறிகொடுத்த கதை. ஜெயித்தால் இந்த நாளைக் கடவுளுக்கான நாளாகக் கொண்டாடுவோம் என்று சண்டைக்கு முன் போயர்கள் நேர்ந்துகொண்டார்கள்; பல காலம் அந்த நேர்ச்சையை நினைத்து அவர்கள் கொண்டாடிய டிசம்பர் 16, நிறவெறி ஆட்சி முடிந்தபின் நல்லிணக்க நாள் என்ற பொது விடுமுறையாகிவிட்டது. எனக்கு என்னவோ வெண்கல வண்டிகளின் பிரம்மாண்டத்துக்குப் பக்கத்தில் எதிர்க்கரைக் கட்டடம் கொஞ்சம் ஏழையாகத்தான் தெரிந்தது.

சனி – இசாண்ட்ல்வானா

இன்றைக்கு நிறைய எழுதவேண்டும்.

நிக்குத்து தாண்டி மண் சாலையில் திரும்பியதுமே அந்த மலை தெரிகிறது. தனியாக, எதனோடும் சேராமல், படுத்திருக்கிற ஒரு மிருகம் மாதிரி. அன்றைக்கு இதன் அடியில் முகாம் போட்ட ஆங்கிலேயரின் 24ஆம் படைப்பிரிவு தன் சின்னத்தில் ஸ்பிங்க்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையுமான எகிப்தியச் சிலை) உருவத்தை அணிந்திருந்தது, மலையும் அதே வடிவம். வீரர்களே அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்களாம்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். ஐம்பது தாண்டிய சூலுக்காரர், கம்பளித் தொப்பி, கையில் ஒரு கம்பு. மூத்த ஆண்களை இங்கே 'பாபா' என்றுதான் கூப்பிடவேண்டும், பெயர் சொல்வது மரியாதை இல்லை. அவருடைய முப்பாட்டன் இன்கோபமகோசி என்ற இளைஞர் படையில் இருந்தவராம். சூலு நாட்டில் ஒரே வயதுக்காரர்களைச் சேர்த்துப் படை அமைப்பார்கள், அரசர் அனுமதி கொடுக்கும்வரை கல்யாணம் கிடையாது. அதனால் எந்தப் படை என்று சொன்னாலே அன்றைக்கு அவருக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம்.

போர் ஏன் வந்தது என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லைத் தகராறை விசாரித்த ஆங்கிலேய ஆணையமே 1878இல் சூலு பக்கம்தான் நியாயம் என்று சொல்லிவிட்டது. கேப் காலனியில் இருந்த உயர் ஆணையர் பார்ட்டில் ஃபிரேர் அதைக் கையில் வைத்துக்கொண்டே, டிசம்பர் 11 அன்று தீர்ப்பையும் சொல்லி, கூடவே முப்பது நாளில் உன் படையைக் கலைத்துவிடு என்று ஒரு இறுதி எச்சரிக்கையையும் கொடுத்தார். "படையைக் கலைக்கிறது என்றால் சூலு நாட்டையே கலைக்கிறது" என்றார் பாபா. அரசர் செட்ச்வாயோ எப்படி ஒப்புக்கொள்வார்? 1879 ஜனவரி 11 அன்று ஆங்கிலேயத் தளபதி செம்ஸ்ஃபோர்ட் பிரபுவின் படை எல்லை ஆற்றைக் கடந்துவிட்டது.

ஜனவரி 22. விடியும் முன்பே செம்ஸ்ஃபோர்ட் பாதிப் படையைக் கூட்டிக்கொண்டு சூலு சேனையைத் தேடித் தென்கிழக்கே போய்விட்டார். முகாமைச் சுற்றி அகழியோ வண்டி வளையமோ எதுவும் இல்லை. அவர் தேடிப்போன சேனை, சுமார் 20,000 பேர், வடகிழக்கே சில கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அமாவாசைச் சமயம், அன்று சண்டை தொடங்கக்கூடாது என்று இருந்தார்களாம். மாடுகளைத் துரத்திக்கொண்டு போன ஒரு குதிரைப்படைக் குழு மேட்டு விளிம்பில் வந்து நின்று கீழே பார்த்ததும் எல்லாம் மாறிப்போனது.

பாபா கம்பால் மண்ணில் ஒரு மாட்டுத் தலை வரைந்தார். நடுவில் மார்பு, அனுபவசாலிகள், எதிரியை நேருக்கு நேர் பிடித்துவைப்பவர்கள். இரண்டு பக்கமும் கொம்புகள், ஓடக்கூடிய இளைஞர்கள், சுற்றி வளைப்பவர்கள். பின்னால் இடுப்பு, காத்திருக்கும் படை. "இது போருக்கு முன்னால் வேட்டை" என்றார். காட்டில் அரசருக்காக விலங்குகளை வளைத்து ஆற்றுப் பக்கம் ஒதுக்குவதும் இதே வரிசையில்தானாம். அவர் முப்பாட்டன் இடக்கொம்பு. கம்பை நீட்டி அந்த ஓடை வழியாக வந்தார்கள், இந்த மேட்டைச் சுற்றினார்கள் என்று காட்டும்போது என் மைத்துனன் முதல்முறையாகச் சிங்கத்தை மறந்து நின்றான்.

பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. ஆங்கிலேயர் பக்கம் இருந்த சுமார் 1,750 பேரில் 1,300க்கும் மேல் செத்துப்போனார்கள், அதில் அவர்களோடு சேர்ந்து நின்ற நட்டால் கறுப்பின வீரர்கள் பல நூறு. இரண்டரை மணிவாக்கில் சூரிய கிரகணம் வேறு பிடித்தது. தோட்டாப் பெட்டியின் திருகு கழலவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று ரொம்ப காலம் ஒரு கதை ஓடியது. வரிசையை நீட்டி நீட்டி ஒல்லியாக்கி மலையைவிட்டுத் தள்ளி நிறுத்தியதுதான் காரணம் என்று இப்போதைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தளத்தை நேரில் நடந்து பார்த்தால் இரண்டாவதுதான் சரி என்று படும். முகாமிலிருந்து அந்த வரிசை நின்ற இடம் அவ்வளவு தூரம்.

சரிவு முழுக்க வெள்ளையடித்த கற்குவியல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனையோ பேர். நடுநடுவே சிவப்பாகப் பூத்த கற்றாழை. பிணங்களைப் புதைக்க ஆங்கிலேயர்கள் மே மாதம்தான் திரும்பி வந்தார்கள். பெரும்பாலானவற்றின் வயிறு கிழிக்கப்பட்டிருந்ததைக் காட்டுமிராண்டித்தனம் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. சூலு வழக்கத்தில் அது செத்தவனின் ஆவி வெளியேற வழி விடுவது, அப்படிச் செய்யாவிட்டால் கொன்றவனுக்குத்தான் கேடு. கொன்றவன் தீட்டுக் கழிக்கும்வரை செத்தவனின் உடுப்பில் ஏதாவது ஒன்றை அணிந்திருப்பான். ஆங்கிலேயரின் சிவப்புக் கோட்டோடு ஊர் திரும்பினவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்ததும் இதனால்தான்.

சூலு வீரர்களும் குறைந்தது ஆயிரம் பேராவது செத்திருப்பார்கள். செய்தி கேட்ட அரசர், நாட்டின் வயிற்றிலேயே ஈட்டி பாய்ந்துவிட்டது, அழக் கண்ணீர் போதாது என்றாராம். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1999இல்தான் வந்தது, நூற்றிருபது வருஷம் கழித்து. வீரம் காட்டியவனுக்கு அரசர் அணிவிக்கும் மணிமாலை, இசிக்கு, அதை வெண்கலத்தில் பெரிதாக வார்த்து வைத்திருக்கிறார்கள். மணிகளுக்கு நடுவே நகங்கள்.

கிளம்பும்போது பாபா பாதையோரத்து முள்மரம் ஒன்றைக் காட்டினார். உம்லாஹ்லங்கோசி. இலையைப் பார்த்ததுமே தெரிந்தது, நம் இலந்தையின் இனம், இங்கேயும் சின்னப் பழம் பழுக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள், ஒன்று நேராக நீட்டிக்கொண்டு, இன்னொன்று பின்பக்கம் கொக்கி மாதிரி வளைந்து. வெளியூரில் யாராவது செத்துப்போனால் வீட்டு ஆள் ஒருவர் இந்தக் கிளையோடு அந்த இடத்துக்குப் போவார். செத்தவர் பெயரைச் சொல்லி, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டு, ஆவியைக் கிளையில் ஏற்றிக்கொள்வார். அப்புறம் வீடு சேரும்வரை வேறு யாரோடும் பேசமாட்டார், ஆனால் கிளையோடு பேசுவார்: இதோ ஆற்றைத் தாண்டுகிறோம், இதோ வண்டி ஏறுகிறோம். மினிபஸ் டாக்சியில் கிளைக்குத் தனி இருக்கை, தனி டிக்கெட். இது பழங்கதை இல்லை, இன்றும் நடக்கிறது. போன வருஷம் ஜோகன்னஸ்பர்க்கில் விபத்தில் இறந்த தன் தங்கை மகனை இப்படித்தான் கூட்டிவந்தோம் என்றார், இரண்டு பேருக்குக் காசு கொடுத்தோம், டிரைவர் எதுவும் கேட்கவில்லை, அவனும் சூலுதானே என்றார். "இந்த மலைக்கும் வந்து கூட்டிப்போனார்களா?" என்று கேட்டேன். வந்திருக்கிறார்கள், இன்னும் வராத குடும்பங்களும் உண்டு என்றார்.

ஞாயிறு – ரோர்க்ஸ் டிரிஃப்ட்

சண்டையில் கலந்துகொள்ளாமல் காத்திருந்த அந்த 'இடுப்பு' ஞாபகம் இருக்கிறதா? அவர்கள்தான் அன்று மாலை, நட்டாலுக்குள் போகாதீர்கள் என்ற அரசர் சொல்லை மீறி, அரசரின் தம்பி டபுலமன்சி தலைமையில் ஆற்றைக் கடந்து இங்கே வந்தார்கள். பாதிப்பேர் நாற்பது தாண்டியவர்கள். ஒரு சுவீடன் பாதிரியாரின் வீடும் கிடங்கும்தான் இடம், உள்ளே சுமார் 150 ஆங்கிலேயச் சிப்பாய்கள், மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிச் சுவர் எழுப்பி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விடியும்வரை தடுத்தார்கள். அந்தச் சுவர் ஓடிய கோட்டில் இப்போது தரையில் கல் பதித்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆங்கிலேயரின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ், பதினொன்று. தைரியம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது, ஆனால் அதே நாள் மதியத்துத் தோல்வியை மறைக்க லண்டனுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். காலையில் காயம்பட்டுக் கிடந்த சூலு வீரர்களைக் கொன்றுபோட்டதைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை. பக்கத்திலேயே 1962இல் தொடங்கிய கலைக்கூடம் ஒன்று இருக்கிறது, உள்ளூர்ப் பெண்கள் கம்பளி நூலில் நெய்கிற சுவர்த்தொங்கல்களுக்குப் பேர்போனது. மாடுகளும் மனிதர்களும் நிறைந்த ஒன்றை விலை கேட்டேன், மைத்துனன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

திங்கள் – ஒன்டினி

பபனங்கோ வழியாக உலுண்டி. சாலை நடுவில் மாடுகள், ஆரன் அடித்தாலும் நகராது. ங்குனி மாடுகள், ஒவ்வொன்றின் தோலிலும் வேறு வேறு புள்ளியும் வரியும், அந்த ஒவ்வொரு வகைக்கும் சூலு மொழியில் பெயர் இருக்கிறது. பெண் எடுக்க இன்றும் மாட்டுக்கணக்குதான், வழக்கமாகப் பதினொன்று. மைத்துனன் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டான்.

ஜூலை 4, 1879, அந்தப் போரின் கடைசிப் பெரிய சண்டை இங்கே நடந்தது. ஐயாயிரம் ஆங்கிலேயர்கள் சதுரமாக நின்று, கைப்பிடியைச் சுழற்றிச் சரமாரியாகச் சுடும் கேட்லிங் துப்பாக்கியோடு சுட்டார்கள், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அப்புறம் செட்ச்வாயோவின் தலைநகரான ஒன்டினிக்குத் தீ வைத்தார்கள். ஓலையும் மரமும் போனது, ஆனால் புற்றுமண்ணில் சாணம் பூசி மெழுகிய குடிசைத் தரைகள் அந்தத் தீயிலேயே செங்கல்லாக வெந்து கெட்டிப்பட்டு நின்றன. நூறு வருஷம் கழித்துத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது குடிசைக்குக் குடிசை வட்டவட்டமாகக் கிடைத்தன, அந்தத் தரைகளை வைத்துத்தான் அரசர் குடியிருந்த பகுதியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நெய்த கூடையைக் கவிழ்த்த மாதிரியான குடிசைகள். வாசல் இடுப்பளவு, குனிந்து தவழ்ந்துதான் போகவேண்டும். உள்ளே வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், பின்சுவரை ஒட்டிய மேடு முன்னோர்களுக்கு. ஒரு வெந்த தரையின் நடுவில் அடுப்புக் குழியின் விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அதைச் சுற்றி யாரோ விரல்களால் இழுத்து வழித்த தடம்.

அரசரை ஆகஸ்டில் பிடித்துக் கேப் டவுன் கோட்டையில் வைத்தார்கள். 1882இல் இங்கிலாந்து போய் விக்டோரியா அரசியைப் பார்த்தார், அடுத்த வருஷம் துண்டு துண்டாக்கப்பட்ட நாட்டின் ஒரு துண்டுக்கு அரசராகத் திரும்பிவந்தார், 1884இல் எஷோவேயில் இறந்தார்.

இரவுச் சாப்பாட்டில் அமடும்பே. நம்ம சேப்பங்கிழங்கேதான், வேகவைத்து உப்புப் போட்டுத் தருகிறார்கள். புளிக்குழம்பு இல்லாமல் தொண்டையில் இறங்க மறுத்தது.

செவ்வாய், புதன் – இம்ஃபலோசி

உலுண்டியிலிருந்து செங்கெனி வாசல் அரைமணி நேரம். உள்ளே மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1895இல் காப்பகமாக அறிவித்த காடு, ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று, சுமார் 960 சதுர கிலோமீட்டர். வெள்ளை இம்ஃபலோசி, கறுப்பு இம்ஃபலோசி என்ற இரண்டு ஆறுகளும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஷாகா காலத்து வேட்டைக்குழிகள். ஆறு வளைகிற மேட்டில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் பாபா மண்ணில் வரைந்த மாட்டுத்தலை அப்படியே பொருந்துகிறது: இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் தண்ணீர், வளைத்துத் துரத்தினால் போக வேறு வழியே இல்லை.

அரசர் காலத்தில் வேட்டைக்கு வரம்பு இருந்தது. வெள்ளைக்காரத் துப்பாக்கி வந்தபின் தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே இந்த ஒரு மூலையில் சில பத்துகளாகச் சுருங்கிவிட்டது. பின்னால் மாட்டு நோயைப் பரப்பும் ட்செட்சி ஈயை ஒழிக்கிறோம் என்று பண்ணைக்காரர்களின் வற்புறுத்தலில் இங்கே பல்லாயிரம் விலங்குகளை அரசே சுட்டுத் தள்ளியது, காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 1960களில் இங்கே வன அதிகாரியாக இருந்த இயன் பிளேயர் முன்னின்று நடத்திய மீட்புத் திட்டத்தில் இங்கிருந்து பிடித்து மற்ற காடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பாட்டன் பாட்டி இந்த ஊர்தான். பிளேயருக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்தவர் மக்குபு ன்டொம்பெலா என்ற சூலு வனக்காவலர். வெளியே அந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது.

செவ்வாய் சாயங்காலம் சேற்றுக்குட்டையில் புரண்டு எழுந்து வந்தது ஒரு தாயும் குட்டியும், வண்டியிலிருந்து பதினைந்து அடி. தாயின் மூக்கில் கொம்பு இல்லை, வெட்டி எடுத்த இடம் தட்டையாக, ரம்பம் போன வரியோடு. 2023இல் மட்டும் இந்தக் காட்டில் முந்நூறு காண்டாமிருகங்களுக்கு மேல் திருடர்களிடம் போயின, அதனால் 2024இல் அதிகாரிகளே மயக்க ஊசி போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் கொம்பை அறுத்துவிட்டார்கள். நகம் மாதிரிதான், மறுபடி வளரும், மறுபடி அறுக்கவேண்டும். பார்க்க நன்றாகவே இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறது, குட்டி போட்டிருக்கிறது, அதற்குமேல் எனக்குப் புகார் இல்லை.

ம்பிலா முகாமுக்கு வேலி கிடையாது. ராத்திரி கறி சுட்டுக்கொண்டிருந்தபோது வெளிச்சத்தின் விளிம்பில் கழுதைப்புலி ஒன்று வந்து நின்றது, மைத்துனன் தட்டோடு அறைக்குள் ஓடிவிட்டான். புதன் விடியற்காலை அவன் கேட்ட சிங்கமும் கிடைத்தது, சாலையோரப் புல்லில் இரண்டு பெண் சிங்கங்கள், வயிறு நிறைந்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்காகத்தான் மாமா வந்தோம்" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அந்த இடக்கொம்பு ஓடிவந்த ஓடை எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டான்.

போகிறவர்களுக்கு: ரோர்க்ஸ் டிரிஃப்டை முதலில் பார்த்தால் மூட்டைச் சுவருக்குப் பின்னால் நின்றவர்களின் கதைதான் மனதில் நிற்கும், அதனால் இசாண்ட்ல்வானாவுக்கு முதலில் போங்கள், சூலு வழிகாட்டி ஒருவரோடு. வேகமாகப் பார்த்து முடிக்கிற இடம் இல்லை, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நிக்குத்துவைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் அரிது, உலுண்டிக்குள் நிரப்பிக்கொள்ளலாம். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், இருட்டியபின் மாடுகள் சாலையில்தான் படுத்திருக்கும்.